கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்த பிறகு வார்டுக்குப் போகலாம்

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். வயது 41, பி.எஸ்சி. தாவரவியல். 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் காலையில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மதுரையில் இதய பைபாஸ் நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தபோது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நான் கற்றது உதவுமே என்று தோன்றியது. 'ஒருங்கிணைந்த யோகா சிகிச்சையாளர் சான்றிதழ், மூன்றே மாதம், வீட்டிலிருந்தபடியே' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சேரலாமா? இல்லையென்றால் எங்கே படிப்பது? இந்த வயதில் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்களா? அப்பச்சிக்கு இப்போதே கபாலபாதியும் சூரிய நமஸ்காரமும் ஆரம்பிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரம். இரண்டையும் ஆரம்பிக்க வேண்டாம். அப்பச்சியின் நெஞ்செலும்பைப் பிளந்து, பிறகு கம்பியால் கட்டி இணைத்திருக்கிறார்கள். அது ஒட்டிப் பலப்பட 8 முதல் 12 வாரம் ஆகும். சுகர் இருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். கபாலபாதியில் வயிற்றை ஒவ்வொரு தடவை வெட்டி இழுக்கும்போதும் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. இருமினால் எந்த இடம் இழுத்து வலிக்கிறதோ அதே இடத்தைத்தான் அதுவும் இழுக்கும். சூரிய நமஸ்காரத்தில் உடம்பின் பாரம் இரண்டு கையிலும் இறங்குகிறது. கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியவருக்கு அது ஆகாது. போதாக்குறைக்கு, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும்.

இப்போதைக்கு டாக்டர் சொன்ன நடை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை நிதானமாக விடுதல். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால், உட்காரும்போது அந்தக் காலை ஸ்டூலில் ஏற்றி வைத்துக் கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல். இவ்வளவு போதும். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை இன்னும் பயன்படுத்தச் சொல்லியிருந்தால், அதை ஊதக்கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பல வீடுகளில் ஊதிக்கொண்டுதான் இருப்பார்கள். நெஞ்செலும்புப் பக்கம் 'கிளிக்' என்று சத்தமோ அசைவோ தெரிந்தாலும், தையலில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

ஆறு ஆண்டுகள் பாடம் நடத்திய உங்களுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. நலமாக இருப்பவருக்குச் சொல்லித்தரும் பயிற்சியில் இது பாடமே கிடையாது. நோயாளியிடம் போகிறவருக்கு இதுதான் முதல் பாடம். ஆசனங்கள் உங்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு தெரியும். இனிப் படிக்க வேண்டியது, யாருக்கு எதைச் செய்யக்கூடாது, ஏன் கூடாது, அதைக் கேஸ் ஷீட்டில் எந்த இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பது. அதை வீட்டிலிருந்தபடி மூன்று மாதத்தில் கற்க முடியாது. அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

'ஒருங்கிணைந்த' என்ற சொல்லை இப்போது எல்லாரும் போர்டில் போட்டுக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம் எளிது. மருந்தும் அறுவை சிகிச்சையும் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த டாக்டருக்குத் தெரிந்து, அவர் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகு, நோயாளியின் மூச்சு, தூக்கம், வலி, பயம், அசைவு ஆகியவற்றுக்கு யோகாவைத் துணையாகத் தருவது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் வேலையே அல்ல. நோயாளி தானாக நிறுத்தியிருந்தால் நர்ஸிடம் சொல்வது உங்கள் வேலை.

படிப்புக்கு வருவோம். பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா மருத்துவப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அரசு மருத்துவமனைகளின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளில் மருத்துவராகப் பொறுப்பேற்பது அதைப் படித்தவர்கள்தான். உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் யோசிக்கலாம். உங்களுக்கு அது வழி இல்லை.

பட்டதாரி என்பதால் பல்கலைக்கழக வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. முதுநிலை டிப்ளமோ என்றால் ஓராண்டு, எம்.எஸ்சி. என்றால் இரண்டாண்டு. பக்கத்திலேயே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் யோகா படிப்புகள் நடத்துகிறது. சென்னையில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த ஆண்டு எது நேரடி, எது தொலைநிலை, எதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் நடப்பில் உள்ளது என்பதைச் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆனால் பட்டம் கையில் இருந்தும் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர்கள் உண்டு. அதனால் மருத்துவமனையோடு ஒட்டி நடக்கும் பயிற்சியைத் தனியாகத் தேடுங்கள். புதுச்சேரியில் ஜிப்மர், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இரண்டிலும் யோகா சிகிச்சையை மருத்துவமனைக்குள்ளேயே வைத்து நடத்திய அனுபவம் இருக்கிறது. பெங்களூரு நிமான்ஸில் மனநலம், நரம்பியல் நோயாளிகளுக்காக ஒருங்கிணைந்த மருத்துவத் துறையே தனியாக இயங்குகிறது. அதே ஊரில் எஸ்-வியாசா பல்கலைக்கழகம். சென்னையில் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஆளுக்கு ஆள் பயிற்சியை மாற்றி அமைக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். ஆனால் வீட்டை விட்டு எத்தனை வாரம் தங்க முடியும் என்பதை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவை தவிர, ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அதில் ஆசிரியர் வரிசை வேறு, சிகிச்சையாளர் வரிசை வேறு. உதவி யோகா சிகிச்சையாளர், யோகா சிகிச்சையாளர், சிகிச்சை யோகா ஆலோசகர் என்று படிப்படியாகப் போகும். அது திறமையைச் சோதிக்கும் தேர்வு, பயிற்சிக்கு மாற்று அல்ல. வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும், சர்வதேச யோகா சிகிச்சையாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பைப் பாருங்கள். சேர்வதற்கே 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியும் ஓராண்டு கற்பித்த அனுபவமும் கேட்பார்கள். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. அதற்கு மேல் குறைந்தது 800 மணி நேரம், இரண்டாண்டுக்குக் குறையாமல். இந்த 800-ஐயும் அந்த மூன்று மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்த இடமானாலும் சேருவதற்கு முன் நேரில் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். நோயாளிகளோடு நேரடியாக எத்தனை மணி நேரம்? அப்போது கூடவே நின்று திருத்துபவர் யார், அவர் மருத்துவரா? உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் மூன்றையும் யார் நடத்துகிறார்கள்? மாணவர் எழுதிய நோயாளிக் குறிப்பு ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா? "தியரி முடிந்ததும் நீங்களே ஆட்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இனி வார்டு. அங்கே பாய் விரிக்க இடம் கிடையாது. நோயாளி கட்டிலில், கையில் ஊசிக் குழாய், பக்கத்தில் சொந்தக்காரர் இருவர், நடுவில் டாக்டர் ரவுண்ட்ஸ், பிறகு சாப்பாட்டு வண்டி. உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20.

போனதும் முதலில் நர்ஸிடம் போங்கள், பிறகு கேஸ் ஷீட். என்ன நோய், அறுவை சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது, எழுந்து நடக்கலாமா படுக்கையிலேயே இருக்க வேண்டுமா, நேற்று இரவு ஏதாவது ஆயிற்றா. இதய நோயாளி என்றால் எக்கோ எனும் இதய ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) எவ்வளவு என்று பாருங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் இதயம் பலவீனமாகப் பம்ப் செய்கிறது. அவரைச் சவாசனத்தில் நேராக மல்லாத்தினால் மூச்சுத் திணறலாம். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தியே எல்லாம் செய்ய வேண்டும். புற்றுநோயாளி என்றால் பிளேட்லெட், வெள்ளை அணு, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்ற மூன்றும். பரவியிருந்தால் முறுக்கும் அசைவே வேண்டாம், எலும்பு முறியலாம். வெள்ளை அணு குறைந்திருந்தால் கூட்டு வகுப்புக் கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

மருந்துப் பட்டியலும் அவ்வளவே முக்கியம். மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற இதய, பிரஷர் மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். பல்ஸ் 70 என்று பார்த்து 'சிரமமில்லை' என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். இன்சுலின் போட்டவருக்குப் பயிற்சியின் நடுவே சுகர் இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரை விழவிடவே கூடாது. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தவரின் எலும்பு மெலிந்திருக்கும், முன்னால் வளைப்பதையும் முறுக்குவதையும் விட்டுவிடுங்கள்.

டயாலிசிஸ் நோயாளியின் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும். அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக்கூடாது, பாரம் ஊன்றக்கூடாது, அதன்மேல் சாய்ந்து படுக்கவும் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவரைச் சம்மணம் போடச் சொன்னால், அறுவை எந்தப் பக்கமாகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து மூட்டு நழுவிவிடலாம். கிளாகோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோகும் எதையும் செய்யக்கூடாது. சிரசாசனத்தில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் இருந்தால் பிடித்துவிடாதீர்கள், அசைக்கவும் வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், முதலில் டாக்டர் பார்க்கட்டும். மனச்சிதைவு, வலிப்பு உள்ளவர்களுக்கு வேகமான மூச்சுப் பயிற்சியும் நீண்ட நேரம் கண்மூடும் தியானமும் ஆபத்தாகலாம்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் எழுதியிருப்பார். 'குறைவாக இருக்கிறதே' என்று நீங்கள் ஆக்சிஜன் குமிழைத் திருப்பி 100 ஆக்கினால், உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் போய் முடியலாம். அவர்களுக்குக் கைகொடுப்பது, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுவது. மூச்சை அடக்குவது கிடையாது. கும்பகம் என்ற பேச்சையே வார்டு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

இதயப் பிரிவில் பைபாஸ் முடிந்து வார்டுக்கு மாற்றப்பட்ட ஒருவருக்கு, டாக்டர் சம்மதம் எழுதிய பிறகு, ஒரு 15 நிமிடம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கிருமிநாசினி ஊற்றி 20 முதல் 30 விநாடி கையைத் தேய்க்கிறீர்கள். பல்ஸ், பிரஷர், ஆக்சிஜன், வலி பத்துக்கு எத்தனை என்று நான்கையும் குறித்துக்கொள்கிறீர்கள். எந்த எண்ணைத் தாண்டினால் தொடங்கக்கூடாது என்பதை அந்தப் பிரிவு டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அவர் மூச்சை மட்டும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 20 வந்தால் 20-லிருந்துதான் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று புத்தகத்தில் இருப்பதை முதல் நாளே திணித்தால் மூச்சு முட்டி, பயம் இன்னும் கூடும். அடுத்து மூன்று நிமிடம் கணுக்கால், விரல்கள், மணிக்கட்டு, ஒவ்வொன்றும் பத்துத் தடவை. பிறகு நான்கு நிமிடம் மூச்சு: இழுப்பது இயல்பாக, விடுவது 'ம்' என்ற மெல்லிய ஒலியோடு. மூன்று எண்ணிக்கை சுகமாக வந்தால் நான்கு. இருமல் வந்தால் மார்பில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி நேரம் பாதத்திலிருந்து முகம் வரை தளர்த்துதல். குரல் தாழ்வாக இருக்கட்டும், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்குகிறார். முடிந்ததும் சட்டென எழவிடாதீர்கள். ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கலாம். மேல் அளவு பிரஷர் 20 இறங்கினால் மறுபடி படுக்க வையுங்கள்.

நெஞ்சு வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இதற்காகவே அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பொம்மையின்மேல் கை வலிக்க அழுத்திப் பழக வேண்டும், வீடியோவில் வராது. அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் இரண்டாண்டு செல்லும்.

நோயாளியிடம் எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இந்தியாவில் 24 மருத்துவ மையங்களில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-இல் வெளியானது. 12 வாரத்தில் 13 அமர்வுகள் யோகா தந்தார்கள். மரணம், மறு மாரடைப்பு போன்றவை குறைந்ததாகப் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை. ஆனால் 'நலமாக உணர்கிறேன்' என்பதிலும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் யோகா செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். இதை அப்படியே சொல்லலாம். 'அடைப்பு கரையும்' என்று சொல்லக்கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு வேலையும் காத்திருக்கிறது, அதை யாரும் சரியாகச் செய்வதில்லை. மதுரையிலோ திருச்சியிலோ அறுவை சிகிச்சை முடித்து, டிஸ்சார்ஜ் சம்மரியோடு கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. பெரிய வீட்டில் ஆச்சியும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் மட்டும். கழிவறை பின்கட்டில், இடையில் உயர்ந்த நிலைப்படிகள், வளவில் (வீட்டு முற்றத்தில்) மழைத் தண்ணீர். மெருகேறிய ஆத்தங்குடிக் கல்லில் காலுறையோடு நடந்தால் வழுக்கும். சர்க்கரையால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நடந்தாலும் புண்ணாவது தெரியாது. ரப்பர் அடி உள்ள செருப்பை வீட்டுக்குள்ளேயே போடச் சொன்னால் "நடுவீட்டில் செருப்பா?" என்பார்கள். அதற்கென்று புதிதாக ஒரு ஜோடி வாங்கி, வெளியே போட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே எத்தனை படி என்று எண்ணிவிட்டு, அதே உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்கும் பயிற்சியைக் கைப்பிடித்துச் செய்ய வைத்தால், எந்த ஆசனத்தையும்விட அதில் பலன் அதிகம். அசைவுப் பயிற்சியில் பிசியோதெரபிஸ்ட் சொன்னதற்குக் குறுக்கே போகாதீர்கள். அவர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, உங்கள் மூச்சுப் பயிற்சியை அதற்குள் பொருத்துங்கள்.

வேலைக்கு எப்படி அணுகுவது? '41 வயதா' என்று எந்தத் துறைத் தலைவரும் கேட்கப் போவதில்லை. 'உன்னால் எனக்குத் தொல்லை வருமா' என்பதுதான் அவர் கவலை. நிர்வாகத்திடம் போவதைவிட ஒரே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். இதயம், புற்றுநோய், வலி நிவாரணம் இவற்றில் ஒன்று. யாரை எடுப்பீர்கள், யாரை எடுக்க மாட்டீர்கள், எத்தனை நிமிடம், எதை அளப்பீர்கள், எப்போது நிறுத்துவீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'யாரை எடுக்க மாட்டேன்' என்ற பத்தியைத்தான் அவர் முதலில் படிப்பார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பெண்களுக்கான வகுப்பு சுலபமான நுழைவாயிலாகத் தெரியும். அதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் யோகா, இயற்கை மருத்துவ மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் தன்னார்வமாக வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். வாய் வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு எழுதப் பழகுங்கள். நோயாளி சொன்னது, நீங்கள் அளந்தது, அதிலிருந்து நீங்கள் நினைப்பது, அடுத்து செய்யப் போவது. நான்கு வரி போதும், ஆனால் அன்றைக்கே எழுத வேண்டும். 'நன்றாக இருந்தார்' என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். 'வலி 6-லிருந்து 4, மூச்சு 20-லிருந்து 16, எழுந்தபோது தலைசுற்றல் இல்லை' என்று எழுதினால் அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டர் திருப்பிப் பார்ப்பார். நோயாளியின் போட்டோவையும் பெயரையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அவரே கேட்டுக்கொண்டாலும் சரி. பெயருக்கு முன்னால் டாக்டர் போடாதீர்கள், மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டாலும் திருத்துங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் குறைவு. பெரும்பாலும் அமர்வுக்கு இவ்வளவு என்ற ஏற்பாடுதான். காலை வகுப்பை விட்டுவிடாதீர்கள். அங்கேயே ஒரு வேலையைத் தொடங்கலாம். வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நோய், அறுவை, மாத்திரை, கண், எலும்பு, கர்ப்பம் பற்றி எழுதி வாங்கி ஒரு ஃபைல் போடுங்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரையைச் சொல்லாமல், தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அந்த வாரமே தெரிந்துவிடும்.